அலமாரிக் கதவில் ஒட்டிய அன்புச் சொற்கள்

ஓகூஸ்
12 ஜனவரி 2026

திருமதி கிருபாமலர் அவர்களுக்கு,

என் பெயர் கோதை. விபோர்க்கில் நீங்கள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், தோட்டத்தைப் பார்த்த கடைசி அறையில் இருக்கிறாரே வேரா, அவருடைய மருமகள். டேனிஷில் எழுதினால் உங்கள் மேனேஜர் படிப்பார், ஃபைலில் வைப்பார். இது நம் இருவருக்குள் முடிய வேண்டிய விஷயம் என்பதால் தமிழில் எழுதுகிறேன். இதை மரியாதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நானும் என் கணவர் பாவெலும் வந்திருந்தோம். நீங்கள் வேராவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தீர்கள். அவர் உங்கள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "ஸ்லாதீச்கோ" என்றார். செக் மொழியில் தங்கக்குட்டி என்று அர்த்தம். நீங்கள் பதிலுக்கு "மாமின்கோ" என்றீர்கள். அது அம்மா. வெறும் அம்மா இல்லை, பெற்ற பிள்ளை கொஞ்சிக்கொண்டு கூப்பிடுகிற அம்மா.

அலமாரிக் கதவில் இருக்கும் தாளை ஒட்டியது நான்தான். வேரா பிராகிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். மறதி நோய் வந்தபின் முதலில் டேனிஷ் போனது, பிறகு இங்கிலீஷும் போனது. இப்போது பிறந்த மொழி மட்டும் மிச்சம். ஊழியர்கள் அவரிடம் அன்பாக ஏதாவது பேசட்டும் என்றுதான் இடப்பக்கம் இங்கிலீஷும் வலப்பக்கம் செக்குமாக எழுதினேன். லவ் என்றால் லாஸ்கா. டெண்டர்னெஸ் என்றால் ஞெஹா. அஃபெக்‌ஷன் என்றால் நாக்லொனொஸ்ட். டார்லிங் என்றால் மிலாச்கு. அந்தத் தாளில் மாமின்கோ கிடையாது.

ஆனால் தாளின் அடியில் யாரோ நீலப் பேனாவில் தமிழ் எழுத்தில் மாமின்கோ என்றும் இன்னும் சிலதும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர் யார் என்று நான் துப்பறிய வேண்டியதில்லை.

அந்த வார்த்தையை இனிமேல் சொல்லாதீர்கள். மற்றபடி உங்கள் வேலையில் எனக்குக் குறை இல்லை.

கோதை

*

விபோர்க்
17.01.2026

அன்புள்ள பிள்ளை கோதைக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. மரியாதையாக எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

நீலப் பேனா என்னுடையதுதான். கள்ளத்தனமாக எழுதவில்லை, எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான் எழுதினேன். உங்கள் தாள் நல்ல தாள், வடிவான எழுத்து. ஆனால் பிள்ளை, ஒரு மனுஷிக்கு முன்னால் போய் நின்று "பாசம்" என்று சொல்லுவீர்களா? "கனிவு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கவார்க்கத் துவாயைக் கையில் எடுப்பீர்களா? எங்களோடு வேலை செய்யும் ஜெசிக்கா அப்படித்தான் செய்தாள். தாளைப் பார்த்து "ஞெஹா! லாஸ்கா!" என்று கத்தினாள். வேராம்மா அவளைத் தலை கழன்றவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் வீட்டில் இருந்து தொலைபேசியில் தேடித்தான் மிச்சச் சொற்களைப் பிடித்தேன். ப்ரௌச்கு என்றால் குட்டி வண்டாம். நாங்கள் பிள்ளையைக் குஞ்சு என்கிறோம், அவர்கள் வண்டு என்கிறார்கள். நான் முதல் தரம் சொன்ன அன்று வேராம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

வயது போன பெண்பிள்ளைகளை நான் வேறு எப்படிக் கூப்பிடுவது? சபையிலும் அம்மா, கடையில் கண்டாலும் அம்மா. என் வாயில் அதுதான் வரும். அதன் செக் சொல்லைச் சொன்னேன், அவ்வளவுதான். அந்தச் சொல்லைச் சொன்னால்தான் உங்கள் மாமியார் என்னைக் குளிக்கவார்க்க விடுகிறார். இல்லாவிட்டால் நகத்தால் பிறாண்டுவார். என் முழங்கையில் அடையாளம் இருக்கிறது. ஆகவே நிறுத்த மாட்டேன். காரணம் சொல்லுங்கள், யோசிக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் வரும் நாட்களில் கோட்டைக் கழற்றாமல் வாசலடியில் நிற்கிறீர்கள். வேராம்மா பாவெலிடம் ஒருநாள் என்னவோ கேட்டார், நீங்கள் உடனே வெளியே போய்விட்டீர்கள். அறைக்குள்ளே வந்து இருக்காதவர்கள் கதவில் தாளை மட்டும் ஒட்டினால் எப்படி?

இந்தக் கடிதத்தை அனுப்பக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்படிக்கு,
கிருபாமலர் ஜீவரட்ணம்

*

ஓகூஸ்
22 ஜனவரி 2026

திருமதி கிருபாமலர் அவர்களுக்கு,

என்னைப் பிள்ளை என்று எழுத வேண்டாம். நான் உங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்களோடு எனக்கு எந்த உறவும் இல்லை. ஒரே மொழியில் எழுதுகிறோம் என்பதற்காக உறவு கொண்டாடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

நான் ஏன் வாசலில் நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமா? தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணமாகி முதல் நாள் வேரா வீட்டுக்குப் போனபோது நான் அவரை 'மதர்' என்று கூப்பிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண் வேறு எப்படிக் கூப்பிடுவாள்? அவர் காபியைக் கலக்கிக்கொண்டே, தெளிவான இங்கிலீஷில் சொன்னார்: "கோதை, என்னை வேரா என்று கூப்பிடு. நான் உன் அம்மா இல்லை." அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என்னிடம் அவர் டியர் என்று சொன்னதில்லை. பால்காரனிடம் சொல்வார். பக்கத்து வீட்டு நாயிடம் சொல்வார்.

நான் வருஷக்கணக்கில் செக் படித்தேன். ஆபீஸ் முடிந்து, ட்ரெயினில் உட்கார்ந்து, அந்த வாயில் நுழையாத எழுத்துகளை எல்லாம் படித்தேன். ஒருநாள் அவர் வாயிலிருந்து எனக்கும் ஒரு வார்த்தை விழும், விழும்போது புரியாமல் போய்விடக் கூடாது என்று படித்தேன். அன்றைக்கு அவர் பாவெலிடம் கேட்டது எனக்குப் புரிந்தது. "இவள் எப்போது கிளம்புவாள்?" என்று கேட்டார். படித்ததற்குப் பலன் அதுதான்.

நீங்கள் போனில் தேடிப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னீர்கள், உங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தங்கக்குட்டி என்கிறார். சம்பளத்துக்கு வந்த இடத்தில் இதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள். ஆமாம், எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைக்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

ஆனால் மாமின்கோ சொல்லக் கூடாது என்பது அதற்காக இல்லை. அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அது எங்கள் வீட்டு விஷயம். உங்களிடம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை. சொல்லாதீர்கள் என்றால் சொல்லாதீர்கள். மறுபடி காதில் விழுந்தால் மேனேஜருக்கு டேனிஷிலேயே எழுதுவேன்.

கோதை

*

விபோர்க்
02.02.2026

திருமதி கோதை அவர்களுக்கு,

உங்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. வேராம்மா எப்படி இருக்கிறார்? எனக்கு ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. என்னை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வேலை முடிந்தது. வேராம்மாவைக் கதிரையில் இருத்தி, காலுக்குப் போர்வை போட்டு, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். பிராண்டேயில் சபைக் கூட்டம் இருந்தபடியால் நேரே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பிறகுதான் ஜெசிக்கா தொலைபேசி எடுத்தாள். சமையலறைக்குப் பாண் கொண்டுவந்தவன் கதவைத் திறந்து பிடித்திருக்க, அவனுக்குப் பக்கத்தால் வேராம்மா வெளியே போய்விட்டாராம். கோட்டு இல்லை. வீட்டுச் செருப்பு. அந்தப் பனிக்குள் எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பிடத்து வாங்கில் போய் இருந்திருக்கிறார். பஸ் வந்து நின்றதும் எழும்பினாராம், எழும்பின இடத்திலேயே சறுக்கி விழுந்துவிட்டார் என்றாள்.

தூக்கினவர்களிடம் மகள் வருகிறாள், மகள் வருகிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த பஸ்ஸில் செக் தெரிந்த பெடியன் ஒருவன் இருந்தபடியால் அது விளங்கியது. எந்த மகள்? பாவெல் ஒற்றைப் பிள்ளை என்றல்லவா நாங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறோம்?

இடுப்பா, காலா? ஒரு சொல் எழுதுங்கள். நான் முழங்காலில் நிற்கிறேன்.

கிருபாமலர்

*

ஓகூஸ்
6 பிப்ரவரி 2026

திருமதி கிருபாமலர் அவர்களுக்கு,

இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்துவிட்டது. சாப்பிட மாட்டேன் என்கிறார்.

எந்த மகள் என்று கேட்டீர்கள். பாவெலுக்கு ஒரு அக்கா இருந்தாள். யித்கா. செக் நாட்டின் எல்லை திறந்த புதிதில், அம்மா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று பத்தொன்பது வயதில் இங்கிருந்து பஸ் ஏறினாள். வேராதான் ஏற்றிவிட்டார். ஜெர்மனியில் அந்த பஸ் விபத்தில் சிக்கியது, யித்கா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. பாவெல் என்னிடமே ஒரு தடவைதான் சொன்னார், மறுபடி பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

அவளுக்குப் பிறகு வேராவை மாமின்கோ என்று யாரும் கூப்பிட்டதில்லை. பாவெலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அப்படி ஒரு கட்டுப்பாடு அந்த வீட்டில். இத்தனை வருஷம் கழித்து ஒரு பெண் வந்து தலை சீவிவிட்டு, மாமின்கோ என்று கூப்பிட்டு, செக்கிலேயே போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். செக்கில்தானே சொன்னீர்கள்? ஜெசிக்கா அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் அந்த அம்மா பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் என்ன செய்வார்?

மேனேஜர் 18-ஆம் தேதி விசாரணை வைத்திருக்கிறார். நீங்கள் இறந்துபோன மகள்போல நடித்து நோயாளியை ஏமாற்றினீர்கள், வருவதாக வாக்குக் கொடுத்தீர்கள் என்பதுதான் புகார். புகார் கொடுத்தவர் பாவெல். நானும் வருவேன். உங்கள் வேலை போனால் நான் வருத்தப்பட மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கோதை

*

விபோர்க்
10.02.2026

திருமதி கோதை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடிய ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

ஜனவரியில் நான் கேட்டேன், காரணம் சொல்லுங்கள், யோசிக்கிறேன் என்று. எங்கள் வீட்டு விஷயம் என்று எழுதினீர்கள். இவ்வளவு பெரிய கடிதத்தில் உங்கள் மாமியார் நாயைக் கொஞ்சினதை எழுத இடம் இருந்தது. மகள் செத்துப்போனாள் என்று ஒரு வரி எழுத இடம் இருக்கவில்லை. அந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சொல் என் வாயால் வந்திருக்குமா? நானும் பிள்ளை பெற்றவள். நீங்கள் பாவெலுக்குக் கொடுத்த சத்தியம் பெரிதாக இருந்தது, வேராம்மாவின் இடுப்பு பெரிதாக இருக்கவில்லை. பனியில் அவரை அனுப்பினதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நீங்கள் அதை ஏற்காவிட்டாலும் உண்டு.

ஓம், செக்கில்தான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் வெளிக்கிடும்போது சொல்லுவேன். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "போறன்" என்றா? நோயில் கிடக்கிற மனுஷிக்கு முன்னால் நின்று "நான் போறன்" என்று எந்தத் தமிழ்ப் பெண் சொல்லுவாள்? தாய் வீட்டில் சொன்னதில்லை, புருஷனிடம் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்த்துவிட்டு வரும்போது சொன்னதே இல்லை. "போட்டு வாறன்" என்றுதான் வாயில் வரும். வராமல் விட்டாலும் அப்படித்தான் சொல்லுவோம். அது வாக்கு இல்லை, வாழ்த்து.

பொறுப்பாளர் முன்விசாரணைக்குக் கூப்பிட்டபோது இதை டேனிஷில் சொல்லிப் பார்த்தேன். அவர் குறித்துக்கொண்டு கேட்டார்: "அப்ப, திரும்பி வருவதாக நீங்கள் சொன்னது உண்மைதானே?" உண்மைதான் என்றேன். அதோடு கதை முடிந்தது. வீட்டில் என் மகன் பிரெய்னும் டேனிஷில் அதையேதான் கேட்டான்: "வரமாட்டீங்கள் எண்டா ஏனம்மா வாறன் எண்டு சொன்னீங்கள்?" இங்கே பிறந்த பிள்ளை, அவனுக்கு விளங்காது.

அந்த மேசையைச் சுற்றி இருக்கப்போகிறவர்களில் இது விளங்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களிடம் கெஞ்சுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த வேலை போனால் என் வயதில் வேறு வேலை இல்லை. என் புருஷன் ஜீவரட்ணத்தாருக்கு முதுகில் ஏலாது, அதுவும் உங்களுக்குத் தேவையில்லாத கதை. நடித்து ஏமாற்றினவள் என்ற பெயரோடு நான் சபையில் போய் எப்படி இருப்பேன், அதுதான் என் கவலை. சொல்ல மனம் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருங்கள், உங்களுக்கு அது நன்றாக வரும்.

கடைசியாக ஒன்று. "நான் உன் அம்மா இல்லை" என்று அவர் உங்களுக்குச் சொன்னார். "நான் உங்களுக்குப் பிள்ளை இல்லை" என்று நீங்கள் எனக்கு எழுதினீர்கள். மாமியாரும் மருமகளும் ஒரே அச்சு. ஏன் ஒத்துப்போகவில்லை என்று இப்போது எனக்கு விளங்குகிறது.

கிருபாமலர் ஜீவரட்ணம்

*

ஓகூஸ்
1 மார்ச் 2026

திருமதி கிருபாமலர் அவர்களுக்கு,

முடிவு உங்களுக்கு வந்திருக்கும். வேலை உண்டு, ஆனால் மேல்மாடியில். வேராவின் அறைக்கு நீங்கள் போகக் கூடாது. விசாரணையில் உங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய பிறகு உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜெசிக்கா மூலம் அரைகுறையாக வந்து சேருவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

நான் சொன்னேன். எங்கள் மொழியில் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டோம், சொன்னால் திரும்பி வராத போக்குபோல இருக்கும் என்றேன். மேனேஜர் இது உங்கள் இருவருக்குள் பேசிவைத்ததா என்று கேட்டார். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது, ஆளில்லாத வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் என்ன சொல்கிறேன் என்று பாவெலைக் கேட்கச் சொன்னேன். பாவெல் தலையைக் குனிந்துகொண்டு, "போய்ட்டு வரேன்" என்று தமிழிலேயே சொன்னார். அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. யித்காவைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நான் வேண்டுமென்றே சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். காரில் திரும்பும்போது பாவெல் என்னோடு பேசவில்லை. இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

இதை உங்களுக்காகச் செய்யவில்லை. உங்கள் கடிதம் எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. பனியில் அனுப்பியதில் எனக்கும் பங்கு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மையாக இருப்பதால்தான் உங்களை மன்னிக்க முடியவில்லை.

இனி எழுதப்போவதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. பாவெலிடம் இப்போது முடியாது. ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னால் புரியாது.

வேரா இல்லத்துக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் பாவெலைப் பார்த்து "நீங்கள் யார் ஐயா?" என்று கேட்டார். அவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அறையில் நான் மட்டும். கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் எழுதியதற்காக இல்லை, உள்ளே சூடாக இருந்தது. தாள் இன்னும் அலமாரிக் கதவில் இருக்கிறது. நீங்கள் எழுதியதை யாரோ வெள்ளை மையால் அழித்திருக்கிறார்கள். நான் எழுதியது எல்லாம் பத்திரமாக இருக்கிறது, ஒன்றும் உதவாமல்.

ஸ்பூனில் சூப்பை எடுத்துக்கொண்டு போனேன். வாயைத் திறக்கவில்லை. அப்போது சொல்லிவிட்டேன். உங்களைச் சொல்லக் கூடாது என்று தடுத்த வார்த்தையை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, மெதுவாக. "மாமின்கோ." யித்கா என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஒரு தடவை என் கன்னத்தையும் பிடிக்கட்டுமே என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத.

அவர் கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார். பிறகு, எல்லோரும் போய்விட்டது என்று சொன்ன இங்கிலீஷில், வகுப்பில் பேசுவதுபோலத் திருத்தமாகச் சொன்னார்: "கோதை, என்னை வேரா என்று கூப்பிடு. நான் உன் அம்மா இல்லை."

பெற்ற மகன் யார் என்று தெரியவில்லை. செத்த மகளையும் உங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார். என்னை மட்டும் தெரிகிறது. என் பெயர் தெரிகிறது, என்னோடு எந்த மொழியில் பேச வேண்டும் என்று தெரிகிறது, என்ன சொல்லி என்னைத் தள்ளி வைத்தார் என்பதும் வார்த்தை மாறாமல் தெரிகிறது. நான் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன். "சரி வேரா" என்றேன். வாயைத் திறந்தார். சூப் முழுவதையும் குடித்தார்.

பிறகு கிளம்ப எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டேன். கதவு வரை போய்விட்டேன். போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போய்ட்டு வரேன் என்று சொல்லப் பயமாக இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றி மறுபடி நாற்காலியில் போட்டேன்.

நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுதுவதாக இருந்தால் பிள்ளை என்று போட வேண்டாம், திருமதியும் வேண்டாம். என் பெயரைப் போடுங்கள், போதும்.

கோதை